தீட்டிய அரிசியும் தீராத நோயும்



சரித்திரம் என்றவுடன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அரிசியின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தவிட்டுத் தோலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று சொன்னால் நீங்கள் வியப்படையலாம். ஆனால், ஒரு பேரரசின் படையில் பகைவரின் குண்டுக்கு இரையானவர்களைவிட, அந்தத் தோலை இழந்த வெள்ளை அரிசியை உண்டு மாண்டவர்கள் அதிகமாக இருந்த காலமும் உண்டு. அந்தப் படையினரைக் கொன்ற நோய்க்குப் பெரிபெரி என்று பெயர். அதன் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

மருத்துவர் சொல்ல வேண்டிய செய்தியைச் சரித்திரம் படித்தவன் சொல்லப் புகுவதேன் என்று நீங்கள் கேட்கலாம். நோயின் குறிகளையும் மருந்தையும் மருத்துவரே சொல்ல வல்லவர். ஆனால் ஒரு நோய் ஏன் ஒரு குறிப்பிட்ட காலத்தில் பெருகிற்று, ஏன் ஒரு கூட்டத்தாரைப் பற்றி மற்றொரு கூட்டத்தாரை விட்டுவிட்டது, மருந்து கண்ணெதிரே தவிடாகக் குவிந்து கிடந்தபோதும் கற்றறிந்தோர் ஏன் அதனைக் காணவில்லை என்னும் வினாக்களுக்கு விடை தேடுவது சரித்திர மாணவனின் வேலையாகும்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். கால்களில் மதமதப்புத் தோன்றும். நடை தள்ளாடும். நாளடைவில் பாதத்தைத் தூக்கி வைக்க இயலாமல் போகும், தசைகள் வற்றிவிடும். இது உலர்ந்த பெரிபெரி எனப்படும். மற்றொரு வகையில் கால்களும் உடலும் வீங்கும், இதயம் பெருத்துத் தளரும், மூச்சுத் திணறும், சில நாட்களிலேயே உயிர் பிரிவதும் உண்டு. இது நீர்ப் பெரிபெரி. இயலாமையைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது என்று பலர் கூறுவர். பதினேழாம் நூற்றாண்டில் பத்தேவியா நகரில், அதாவது இன்றைய ஜாகர்த்தாவில், வாழ்ந்த டச்சு மருத்துவர் பொந்தியுஸ் இந்நோயை விவரித்து எழுதியிருக்கிறார். ஆகவே நோய் பழையதுதான். ஆயினும் அது காட்டுத் தீயாகப் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அப்போது உலகில் புதிதாக என்ன நிகழ்ந்தது?

நீராவியால் இயங்கும் அரிசி ஆலை வந்தது. அதுவரையில் சிற்றூர்களில் நெல்லை உரலில் இட்டு உலக்கையால் குத்தினார்கள். எவ்வளவு குத்தினாலும் தவிட்டில் ஒரு பகுதி அரிசியிலேயே தங்கிவிடும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் குத்தினார்கள். ஆலையோ உமியை நீக்குவதோடு நிற்கவில்லை. தவிட்டையும் முளைக்கருவையும் முற்றாக நீக்கி, அரிசியை முத்துப்போல் தீட்டித் தந்தது. 1869-ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. இரங்கூன், பாங்காக், சைகோன் ஆகிய துறைமுகங்களிலிருந்து அரிசி மூட்டைகள் கடல் கடந்து சென்றன. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. ஆதலால் தவிடுள்ள அரிசி விரைவில் சிக்கு நாற்றம் கொள்ளும். தீட்டிய அரிசியோ பல மாதங்கள் கெடாது. எனவே வணிகனுக்கும், கிடங்கில் அரிசியைச் சேர்த்து வைக்க வேண்டிய அதிகாரிக்கும் வெள்ளை அரிசி ஒரு வரப்பிரசாதமாகத் தோன்றிற்று.

அது யாருடைய தட்டுக்குப் போயிற்று என்பதைக் கவனியுங்கள். படைவீரர், கப்பல் மாலுமிகள், சிறைக் கைதிகள், சுரங்கக் கூலிகள் ஆகியோரிடமே நோய் மிகுந்து காணப்பட்டது. ஒரு முதலாளியோ ஓர் அரசாங்கமோ பலருக்கு ஒரே வகையான, மலிவான, சேமிக்கத் தக்க உணவை அளந்து போட்ட இடங்கள் இவை. உண்பவன் தன் உணவைத் தானே தேர்ந்தெடுக்க முடியாத இடங்களிலேயே பெரிபெரி குடிகொண்டது.

முதற்கண் ஜப்பானுக்குச் செல்வோம். அங்கே வெள்ளை அரிசி பெருமையின் சின்னமாக இருந்தது. இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகருக்கு நாட்டுப்புறத்திலிருந்து வந்த சாமுராய் வீரர்கள் சில காலத்தில் கால் தளர்ந்து நோயுற்றனர். சொந்த ஊருக்குத் திரும்பியதும் குணமடைந்தனர். இதனை மக்கள் எடோ நோய் என்றே அழைத்தார்கள். பிற்காலத்தில் புதிய கடற்படையும் தரைப்படையும் அமைக்கப்பட்டபோது, வீட்டில் தினையும் பார்லியும் உண்டு வளர்ந்த ஏழை உழவர் மக்களுக்கு நாள்தோறும் வெண்சோறு கிடைத்தது. அவர்கள் அதனைப் பெரும்பேறாக எண்ணினார்கள். 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடற்படையில் ஏறக்குறைய மூவருக்கு ஒருவர் வீதம் ஆண்டுதோறும் பெரிபெரியால் படுத்தனர்.

தகாகி கனேஹிரோ என்பவர் அக்கடற்படையின் மருத்துவர். இலண்டனில் மருத்துவம் பயின்றவர். நோயாளிகளை எண்ணிப் பார்த்தபோது, உயர் அதிகாரிகளிடம் நோய் குறைவாகவும் சாதாரண மாலுமிகளிடம் மிகுதியாகவும் இருப்பதை அவர் கண்டார். கப்பல் ஒன்றுதான், காற்று ஒன்றுதான், உறங்கும் கடலும் ஒன்றுதான். வேறுபட்டது உணவு மட்டுமே. மாலுமிகளுக்கு உணவுப் படி பணமாக வழங்கப்பட்டது. அவர்களோ கறிவகைகளை வாங்காமல் சோற்றை மட்டும் உண்டு, மிச்சம் பிடித்த காசை வீட்டுக்கு அனுப்பினார்கள். குடும்பத்தைக் காக்கச் சேர்த்த அந்தக் காசு உடலை வாட்டிச் சேர்த்த காசாயிற்று.

1882-ஆம் ஆண்டு இறுதியில் ரியூஜோ என்னும் பயிற்சிக் கப்பல் 376 பேருடன் நியூசிலாந்து, தென் அமெரிக்கா வழியாக நெடும் பயணம் புறப்பட்டது. அவர்களில் 169 பேர் பெரிபெரியால் வீழ்ந்தனர். 25 பேர் மாண்டனர். தகாகி அரசாங்கத்தை வற்புறுத்தி, 1884-இல் சுகுபா என்னும் மற்றொரு கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்தார். ஆனால் உணவை மாற்றினார். சோற்றைக் குறைத்து இறைச்சி, மீன், பால், ரொட்டி, காய்கறி முதலியவற்றைச் சேர்த்தார். இம்முறை பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. நோய் கண்ட சிலரும் பெரும்பாலும் புதிய உணவை ஒதுக்கியவர்களே. மறு ஆண்டு முதல் கடற்படையில் அரிசியோடு பார்லி கலந்து சமைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் நோய் அங்கிருந்து மறைந்தே போயிற்று.

இதனோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தகாகி கூறிய காரணம் சரியானதன்று. உணவில் புரதம் குறைந்ததனால் நோய் வருகிறது என்று அவர் நம்பினார். தரைப்படையின் மருத்துவத் தலைவர்கள் ஜெர்மானிய விஞ்ஞானத்தில் தோய்ந்தவர்கள். நோய் என்றால் அதற்கு ஒரு கிருமி இருக்க வேண்டும் என்பது அவர்கள் பாடம். அவர்களுள் ஒருவரான மோரி ஓகாய், ஜெர்மனியில் கிருமியியல் மேதை ராபர்ட் காக்கிடமே பயின்றவர்; ஜப்பானிய இலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்ற எழுத்தாளருங்கூட. பார்லியால் பெரிபெரி போகும் என்பதற்கு விஞ்ஞான விளக்கம் இல்லை என்று அவர்கள் வாதிட்டனர். விளக்கம் இல்லை என்பது உண்மை. ஆனால் பலன் இருந்தது. தரைப்படை வெள்ளை அரிசியையே பற்றி நின்றது. 1894-இல் தொடங்கிய சீனப் போரில் பகைவரால் கொல்லப்பட்டவர்களைவிடப் பெரிபெரியால் இறந்த ஜப்பானிய வீரர்கள் அதிகம். 1904-05-இல் நடந்த ருஷ்யப் போரில் இந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 27,000 பேர். அப்போரின் நடுவே, 1905-இல்தான் தரைப்படை வீரரின் சோற்றில் பார்லி கலக்கப்பட்டது.

மாணவர்களே, இங்கே சிறிது நின்று எண்ணிப் பாருங்கள். தகாகியின் செயல் சரி. அவர் சொன்ன காரணம் தவறு. அவரை மறுத்தவர்களின் தருக்கம் நுட்பமானது. அதன் விளைவு கொடியது. கல்வியில் குறைந்தவர்கள் செய்த பிழை அன்று இது. கல்வி ஒரே திசையில் பார்க்கப் பழக்கிய பிழை. அக்காலத்தில் பாஸ்டரும் காக்கும் கிருமிகளைக் கண்டறிந்து உலகை வியப்பில் ஆழ்த்தியிருந்தனர். ஆகவே உடலுக்குள் புகுந்த பகைவன் யார் என்றே எல்லோரும் தேடினார்கள். உடலுக்கு வர வேண்டிய நண்பன் வரவில்லையே என்று கேட்பாரில்லை. இருப்பதைக் காண்பது எளிது. இல்லாததைக் காண்பது அரிது.

இதே மயக்கம் ஜாவாத் தீவிலும் ஓர் இளம் மருத்துவரை ஆட்கொண்டிருந்தது. சுமத்திராவின் வடமுனையில் உள்ள ஆச்சே நாட்டின்மீது டச்சுக்காரர்கள் போர் நடத்திவந்தார்கள். படையினர் பெரிபெரியால் சாய்ந்து விழவே, 1886-இல் ஒரு மருத்துவக் குழுவை அரசாங்கம் அனுப்பியது. குழு ஊர் திரும்பியபோது, அதில் உதவியாளராக இருந்த கிறிஸ்டியான் ஐக்மான் பத்தேவியாவின் இராணுவ மருத்துவமனையை அடுத்த சிறு ஆய்வுக்கூடத்தின் தலைவராக அங்கேயே தங்கினார். அவரும் கிருமியைத்தான் தேடினார். நோயாளியின் இரத்தத்தைக் கோழிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். 1889-இல் கோழிகள் கால் தளர்ந்து விழத் தொடங்கின. கிருமி அகப்பட்டது என்று மகிழ்ந்திருப்பார். ஆனால் ஊசி போடாத கோழிகளும் விழுந்தன. சில மாதங்கள் கழித்து எல்லாக் கோழிகளும் தாமாகவே எழுந்து நடந்தன.

காரணத்தை விசாரித்தபோது சமையற்கட்டின் செய்தி ஒன்று வெளிப்பட்டது. ஆய்வுக்கூடத்துப் பணியாள் சிக்கனம் கருதி, மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெண்சோற்றைக் கோழிகளுக்கு இட்டுவந்தான். பின்னர் வேறொரு சமையற்காரர் வந்தார். படைக்கு உரிய சோற்றைப் படையைச் சேராத கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகளுக்குப் பழையபடி தீட்டாத அரிசி கிடைத்தது, பிழைத்தன. கண்டிப்பான அந்தச் சமையற்காரரின் பெயரை எந்த மருத்துவ நூலும் பொறித்து வைக்கவில்லை. எனினும் மருத்துவ வரலாற்றில் அவருக்கும் ஓர் இடம் உண்டு.

கோழிக்கு வந்தது மனிதனுக்கும் பொருந்துமா? இதனை அறிய வோர்டர்மன் என்னும் சுகாதார அதிகாரி ஜாவாவின் சிறைகளை ஆராய்ந்தார். 101 சிறைகள், ஏறக்குறைய 2,80,000 கைதிகள். 1897-இல் வெளிவந்த அவர் கணக்கின்படி, தீட்டிய அரிசி உண்டவர்களுள் 39 பேருக்கு ஒருவர் வீதம் நோய் கண்டது. தவிட்டோடு கூடிய அரிசி உண்டவர்களுள் பத்தாயிரத்துக்கு ஒருவர்தாம் நோயுற்றனர். கட்டிடம் பழையதா புதியதா, காற்றோட்டம் உண்டா இல்லையா, நெரிசல் எவ்வளவு என்றெல்லாம் அவர் அலசிப் பார்த்தார். அவற்றால் வேறுபாடு காணப்படவில்லை.

இவ்வளவு கண்ட பின்னரும் ஐக்மான் பழைய வழியிலேயே சிந்தித்தார். சோற்றில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று இருக்கிறது என்றார். உடல் நலிந்து அவர் தாயகம் திரும்பிய பின், அவர் இடத்தில் ஆய்வைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ் என்பவரே 1901-இல் உண்மையைத் தெளிவாகச் சொன்னார். நஞ்சு எதுவும் இல்லை. நரம்புகளுக்கு இன்றியமையாத ஒரு பொருள் உணவில் இருக்க வேண்டும். அது தவிட்டில் உண்டு, பச்சைப் பயற்றில் உண்டு, தீட்டிய அரிசியில் இல்லை என்றார். இல்லாமையே ஒரு நோய்க்குக் காரணமாகலாம் என்னும் கருத்து இவ்வாறு மனித அறிவில் வேரூன்றிற்று.

இனி, தமிழராகிய நம்மோடு நேரே தொடர்புடைய ஒரு நாட்டுக்கு வருவோம். மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் பெரிபெரிக்கு இரையாயினர். அதே நாட்டின் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் வாழ்வும் கொடிதாகவே இருந்தது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் அவர்களை வாட்டின. ஆனால் பெரிபெரி மட்டும் அவர்களை அநேகமாகத் தொடவில்லை. மலாய் மக்களின் சிற்றூர்களிலும் அது அரிதாகவே காணப்பட்டது. இந்தப் புதிரை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர். 1907-இல் வெளியிட்ட நூலில் அவர் எடுத்துக்காட்டியது இது: சீனர் உண்டது சயாம் ஆலைகளில் தீட்டிய பச்சரிசி, மலாய்க்காரர் உண்டது வீட்டில் அவ்வப்போது குத்திய அரிசி, தமிழர் உண்டது புழுங்கல் அரிசி.

கோலாலம்பூரில் மனநோய் மருத்துவமனையின் மருத்துவர் பிளெட்சர், 1905 இறுதி முதல் ஓராண்டுக் காலம் நோயாளிகளை ஒன்றுவிட்டு ஒருவராக இரு பிரிவாக்கினார்; ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் அளித்துவந்தார். பச்சரிசிப் பிரிவில் பலர் நோயுற்றனர், பலர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட பிரிவில், வரும்போதே நோயோடு வந்தவர்களைத் தவிர, எவருக்கும் நோய் இல்லை. பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் காட்டிடையே சாலை அமைத்துக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளரிடம் இதையே சோதித்தனர். வெள்ளை அரிசி உண்ட குழுவில் மூன்று மாத அளவில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நின்றது. இந்தச் சோதனைகள் விஞ்ஞானத்தை வளர்த்தன. ஆயினும், கேட்க நாதியற்ற மனநோயாளிகளும் கூலிகளுமே சோதனைப் பொருளாயினர் என்பதையும் சரித்திரம் மறைக்கலாகாது.

புழுங்கல் அரிசிக்கு இந்தக் காவல் எவ்வாறு வந்தது? நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள அச்சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே ஊறிவிடுகிறது. பின்னர் ஆலையில் தீட்டினாலும் அதில் பெரும்பகுதி தங்கிவிடும். நம் முன்னோர் இதனை அறிந்தே புழுக்கினார்கள் என்று பெருமை பேசிக்கொள்ள வேண்டாம். உமி எளிதில் கழன்றது, அரிசி நொறுங்கவில்லை, பூச்சி அண்டவில்லை, அதனால் புழுக்கினார்கள். ஒரு நன்மைக்காகக் கைக்கொண்ட வழக்கம் அறியாமலே மற்றொரு நன்மையையும் தந்தது. பழைய வழக்கத்தை அது பழையது என்பதற்காகப் போற்றவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். ஆராய்ந்து பார்ப்பதே அறிவுடைமை.

1912-இல் இலண்டனில் ஆராய்ச்சி செய்துவந்த போலந்து நாட்டு விஞ்ஞானி காசிமிர் பங்க் என்பவர், உயிர் வாழ இன்றியமையாத இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்னும் பெயரை வழங்கினார். ஜப்பானில் சுசுகி உமேதாரோவும் தவிட்டிலிருந்து அச்சத்தைப் பிரிக்க முயன்றிருந்தார். 1926-இல் ஐக்மான் பணியாற்றிய அதே பத்தேவியாவில் யான்சன், டோனாத் என்னும் இருவர் அதனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1929-இல் ஐக்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பங்கிட்டுக்கொண்டவர் ஆங்கில விஞ்ஞானி ஹாப்கின்ஸ். கிரைன்சுக்கும் தகாகிக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை.

இச்சத்தின் அமைப்பை முற்றும் கண்டறிந்து, 1936-இல் அதனைச் செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் அண்டை மாநிலத்து நெல்லூர். சமயத் தொண்டுக்காக அங்கே வந்திருந்த பெற்றோருக்கு 1886-இல் பிறந்தவர். பிலிப்பைன்ஸ் நாட்டில் இளம் வேதியியலாளராகப் பணியாற்றியபோது, தவிட்டுச் சாறு கொடுத்ததும் பெரிபெரி கண்ட குழந்தை பிழைப்பதை நேரில் பார்த்தவர். அன்று தொடங்கிய தேடல் கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. அவர் சூட்டிய பெயரே தயமின். வைட்டமின் பி1 என்பதும் அதுவே.

இந்தத் தயமின் உடலில் என்ன செய்கிறது? நாம் உண்ணும் மாவுப் பொருளை உடல் ஆற்றலாக மாற்றிக்கொள்ள அது துணை நிற்கிறது. அடுப்பில் விறகு நிறைய இருந்தும் மூட்ட நெருப்பில்லாத நிலைதான் தயமின் இல்லாத உடலின் நிலை. நரம்பும் இதயமும் முதலில் வாடுவது அவற்றின் ஆற்றல் தேவை மிகுதியாக இருப்பதனால். சோற்றை மிகுதியாக உண்ண உண்ணத் தயமின் தேவையும் மிகும். வேறொன்றும் இன்றி வெண்சோற்றையே வயிறு நிறைய உண்பவன் பசியாறுகிறான், நோய்க்கும் வழிசெய்துகொள்கிறான். நாளொன்றுக்கு வேண்டுவது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உடல் சேமித்து வைப்பதோ சில வாரங்களுக்கே போதும்.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் மக்காரிசன் என்பவர் தொடங்கியது பெரிபெரி ஆராய்ச்சியே. அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மக்காரிசனுக்குப் பின் அங்கே தலைமை ஏற்ற அய்க்ராய்டும் அவருடைய துணைவர்களும் ஓர் உண்மையைக் காட்டினர். அன்றைய சென்னை மாகாணத்தில், பெரிபெரி நிலைத்திருந்தது வடக்கே ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில். அங்கே மக்கள் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தெற்கே தமிழ் மாவட்டங்களில் புழுங்கல் அரிசியே பெரும்பான்மை; அங்கே அந்நோய் அரிது. மாகாணம் ஒன்று, அரசாங்கம் ஒன்று; நெல் பக்குவம் வேறு.

இப்போது நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கேள்விக்கு வருகிறேன். பெரிபெரிக்குக் காரணம் என்ன? தயமின் குறைவு என்பது தேர்வில் எழுத வேண்டிய விடை. அது சரியான விடைதான். ஆனால் அது முதற்படி. தயமின் ஏன் குறைந்தது? அரிசியைத் தீட்டியதனால். ஏன் தீட்டினார்கள்? வணிகத்துக்கும் கிடங்குக்கும் அது வசதி. வெண்மை பெருமையாகவும் கருதப்பட்டது. தீட்டிய அரிசியை உண்ட செல்வருக்கு ஏன் அவ்வளவாக நோய் வரவில்லை? அவர்களுடைய இலையில் பருப்பும் மீனும் காய்கறியும் இருந்தன. ஏழையின் தட்டில் ஏன் அவை இல்லை? இந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை இல்லை. கூலிக் கணக்கில் இருக்கிறது. சிறையின் உணவுப் படியில் இருக்கிறது. வீட்டுக்குப் பணம் அனுப்பிய மாலுமியின் வறுமையில் இருக்கிறது.

எல்லாரிலும் இரங்கத் தக்கவர்கள் கைக்குழந்தைகள். தாயின் உடலில் தயமின் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். தாய் நோயின்றி நடமாடிக்கொண்டிருப்பாள். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு நோய் முற்றிவிடும். குரல்வளை நரம்பு தளர்வதால் குழந்தை அழும், ஓசை வராது. தக்க தருணத்தில் தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்தில் தேறும். தவறினால் அன்றே இறப்பதும் உண்டு. தென்கிழக்கு ஆசியாவின் சில பகுதிகளில், பிள்ளை பெற்ற தாய்க்கு வெறும் சோறும் உப்பும் மட்டுமே தரும் பத்திய வழக்கத்தால் இத்துயரம் இன்றும் நேர்கிறது. செல்வ நாடுகளில் இக்குறையைப் பெரும்பாலும் உண்டாக்குவது மிதமிஞ்சிய குடிப்பழக்கம். நோயின் பெயர் பழையது. அதனை அழைத்து வரும் தூதர்கள்தாம் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

நோயின் காரணத்தைக் கண்டுவிட்டால் நோய் ஒழிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். பிலிப்பைன்ஸ் நாட்டின் அனுபவம் வேறு பாடம் புகட்டுகிறது. 1948-இல் அங்கே பத்தான் என்னும் மாகாணத்தில் தயமின் சேர்த்த அரிசியை விற்கும் திட்டத்தை வில்லியம்சும் அந்நாட்டு மருத்துவர்களும் தொடங்கினர். இரண்டே ஆண்டுகளில் பெரிபெரி மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. 1952-இல் அதற்குச் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும் நாடெங்கும் அது நிலைபெறவில்லை. சத்துக் கலவையை எவ்வளவு வாங்கினார்கள் என்ற கணக்கிலிருந்து, எவ்வளவு அரிசி அரைத்தார்கள் என்பதும் வெளிப்பட்டுவிடும். வரி கூடும் என்று ஆலைக்காரர்கள் அஞ்சினார்கள் என்று சொல்லப்படுகிறது. விஞ்ஞானம் மருந்தைத் தரும். அதனை ஏழையின் தட்டு வரை கொண்டு சேர்ப்பது சமுதாயத்தின் கடமை.

நம் நாட்டில் 1934-இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, தீட்டாத அரிசியை உண்ணுமாறு காந்தியடிகள் வற்புறுத்தியதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதில் உடல்நலம் பற்றிய கவலையும் இருந்தது; உலக்கை பிடித்துப் பிழைத்த ஏழைப் பெண்டிரின் கூலி பற்றிய கவலையும் இருந்தது. ஆயினும் உலக்கைக்குப் பின்னே பெண்களின் தோள்வலியும் இருந்தது என்பதை மறந்து, ஆலையை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. ஆலை ஒரு சுமையை இறக்கிற்று. இறக்கும்போது எதனைக் கீழே போட்டது என்று பார்க்கத் தவறியதே குற்றம்.

ஆகவே மாணவர்களே, புதிய வசதி ஒன்று வரும்போது அது தருவதை எண்ணி மகிழுங்கள், தவறில்லை. அதனால் எது நீக்கப்படுகிறது என்றும் ஒரு முறை கேளுங்கள். துன்பத்துக்குக் காரணம் தேடும்போது, அங்கே இருப்பது எது என்று மட்டும் பார்க்காமல், இருக்க வேண்டியது எது இல்லை என்றும் பாருங்கள். பின்னர், அது ஏன் இல்லை, யாருக்கு இல்லை என்று கேளுங்கள். முதல் கேள்வி உங்களை மருத்துவத்துக்கு அழைத்துச் செல்லும். அடுத்த இரண்டும் சரித்திரத்துக்கு அழைத்து வரும். மூன்றுக்கும் விடை கண்டவன்தான் நோயை முழுதும் அறிந்தவன் ஆவான்.